கோட்டின்மேல் செல்லும் ரம்பம்

18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படங்களைச் செதுக்கி அச்சிடும் தொழில் செய்துவந்தார். 1760களில் அவர் ஒரு நிலப்படத்தை மெல்லிய மகோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகளையொட்டி அதனைத் துண்டு துண்டாக அறுத்தார். அத்துண்டுகளை மீண்டும் உரிய இடத்தில் பொருத்துவதன் வாயிலாகக் குழந்தைகள் நிலவியல் கற்றனர். இன்று சிறுவர்கள் விரும்பி விளையாடும் ஜிக்சா புதிரின் தொடக்கம் இதுவே. அப்பெயரின் இறுதியில் உள்ள 'சா' என்னும் ஆங்கிலச் சொல் ரம்பத்தைக் குறிக்கும். புதிருக்கு அப்பெயர் ஏற்பட்டது மிகவும் பிற்காலத்தில்தான்.

நாட்டின் எல்லைகள் பெரும்பாலும் நேர்க்கோடாக அமைவதில்லை. ஆறு வளையும் இடத்தில் அவையும் வளையும். மலைத்தொடர் திரும்பும் இடத்தில் அவையும் திரும்பும். சட்டம் அறுக்கத் தச்சர் பயன்படுத்தும் கைரம்பத்தால் இத்தகைய கோட்டைப் பின்தொடர இயலாது. அதன் அகன்ற தகடு நேராகச் செல்வதற்கென்றே அமைந்தது. வளைவில் திரும்ப வேண்டுமாயின் ரம்பத்தின் அலகு மிகவும் ஒடுக்கமாக இருத்தல் வேண்டும். ஒடுக்கமான அலகு தானாக நிமிர்ந்து நிற்காது. ஆகவே அதன் இரு முனைகளையும் ஒரு சட்டத்தில் பூட்டி, நாண் போல் இழுத்துக் கட்டுகின்றனர். வில் போன்ற சட்டத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் இழுத்து அறுப்பது ஒரு வகை. அதனை 'ஃபிரெட் சா' என்பர். சட்டம் ஓரிடத்தில் நிலையாக நிற்க, மின்விசையால் அலகு மட்டும் மேலும் கீழும் துள்ள, மரப்பலகையைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்து அறுப்பது மற்றொரு வகை. அது 'ஸ்க்ரோல் சா' எனப்படும். இரண்டையும் பொதுவாக வளைவு ரம்பம் எனக் கூறலாம்.

வளைவு ரம்பத்தின் அலகு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் பருமனை எண்களால் குறிப்பர். எண் கூடக் கூட அலகும் அகன்று தடிக்கும். பொதுவான வேலைகளுக்கு 5ஆம் எண் அலகு ஏற்றது. நகைவேலை போன்ற நுட்பம் வேண்டும் இடங்களில் சுழியத்திற்கும் கீழான எண்களைக் கொண்ட, தடித்த மயிரிழை போன்ற அலகுகள் பயன்படுகின்றன. அலகைப் பூட்டும்போது பற்கள் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் ஒவ்வோர் இழுப்பிலும் பலகை மேசையை விட்டு மேலெழும்பித் துள்ளும். சரியான இறுக்கத்தைக் காதாலேயே அறியலாம். பூட்டிய அலகை விரலால் மீட்டினால் தம்புராவின் தந்தி போலத் தெளிந்த ஒலி எழ வேண்டும். ஒலி மழுங்கிக் கேட்டால் இறுக்கம் போதாது என்பது பொருள்.

இவை யாவும் ஒரே நாளில் கற்கக்கூடியவை. ஒரு வாரப் பழக்கத்தில் எவரும் பென்சில் கோட்டையொட்டி ஓர் இலையையோ மீனையோ அறுத்துவிடுவர். இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்குகிறது. அதே இலையையும் மீனையும் நூறு முறை அறுத்தாலும் கை ஓரளவிற்கு மேல் தேர்வதில்லை. இலையின் வளைவு அகன்றது; அலகு கோட்டினின்று சிறிது விலகினாலும் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. பிழை புலப்படாத வேலை எதனையும் கற்பிப்பதில்லை. பிழையை உடனே காட்டிக்கொடுக்கும் வேலையே கையைத் திருத்துகிறது. இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்னும் கட்டாயம் ஏற்படும்போது, அரை மில்லிமீட்டர் விலகலும் இடைவெளியாகி வாய் திறந்து நிற்கும்.

புதிதாகப் பழகுவோர் பலரையும் திகைக்க வைக்கும் ஒரு செய்தி உண்டு. கோட்டை நோக்கி நேராகத் தள்ளினாலும் பலகை நேராக அறுபடுவதில்லை. வெட்டு ஒரு பக்கமாக விலகிச் செல்கிறது. தம் கை நடுங்குவதாகவே அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் குறை கையில் இல்லை. அலகைத் தயாரிக்கும்போது அதன் ஒரு பக்க விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு தங்கிவிடுகிறது. அப்பக்கம் மறுபக்கத்தைவிடக் கூர்மையாக இருப்பதால் அலகு அத்திசையில் அதிகமாகக் கடிக்கிறது. பலகையைச் சில பாகை சாய்வாகத் தள்ளினால் வெட்டு நேராகிவிடும். இதனைத் தாமாகக் கண்டறியப் பல வாரங்கள் ஆகலாம். அறிந்த ஒருவர் அருகில் இருந்தால் அரை நிமிடத்தில் கூறிவிடுவார். கைத்தொழிலில் அறிவுரை கேட்பதன் பயனை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

ஆயினும் அறிவுரையைக் கேட்கும் முறை ஒன்று உண்டு. 'எனக்கு நன்றாக அறுக்க வரவில்லை, என்ன செய்வது?' என்னும் வினாவுக்கு எத்தகைய வல்லுநராலும் விடை கூற இயலாது. அறுத்த துண்டையும் ஒடிந்த அலகையும் கையில் கொடுத்தால், அவரால் ஒரு மருத்துவர் நாடி பார்ப்பது போல் அதனைப் படித்துவிட முடியும். வெட்டிய விளிம்பு கருகியிருந்தால் அலகு மழுங்கியிருக்கக்கூடும். பசை மிகுந்த ஒட்டுப்பலகையில் அலகு எதிர்பார்த்ததைவிட விரைவில் மழுங்கும். விளிம்பு செங்குத்தாக இல்லாமல் சரிந்திருந்தால் மேசை சாய்ந்திருக்கிறது. மேசை சரியாக இருந்தால் கை பலகையைப் பக்கவாட்டில் அழுத்துகிறது. அடிப்பக்கத்தில் மரச்சிம்புகள் பெயர்ந்திருந்தால் பலகைக்குக் கீழே மெல்லிய வேறொரு பலகையைத் தாங்கலாக வைத்து அறுக்க வேண்டும். பலகையின் மேற்பரப்பில் வழவழப்பான ஒட்டுநாடாவை ஒட்டி அறுத்தால் கருகல் பெரிதும் குறையும் என்பதும் அனுபவமுள்ளோர் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் சிறு உத்திகளுள் ஒன்று.

மேசை சாய்ந்துள்ளதா என அறிவதற்கு மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதே வழக்கம். மூலைமட்டம் இல்லாமலும் அறியலாம். தடித்த மரக்கட்டை ஒன்றில் அலகால் மெல்லிய கீறல் இட்டு, கட்டையை அலகின் பின்பக்கமாகத் திருப்பிக் கொண்டுசென்று, அதே கீறலில் அலகின் முதுகு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் மேசை செங்குத்தாக உள்ளது. நுழையாவிட்டால் மேசை எவ்வளவு சாய்ந்துள்ளதோ அதன் இருமடங்கு பிழையாகக் கீறல் காட்டிவிடும்.

இரண்டு வல்லுநர்கள் ஒன்றுக்கொன்று முரணான அறிவுரை கூறுவதும் உண்டு. ஒருவர் 'மெல்லிய அலகே வேண்டும்' என்பார். மற்றவர் 'மெல்லிய அலகைத் தொடாதே' என்பார். இருவரும் பொய் கூறுவதில்லை. முன்னவர் 3 மில்லிமீட்டர் பலகையில் பூவேலை செய்பவராக இருக்கலாம். பின்னவர் தடித்த கடினமரத்தை அறுப்பவராக இருக்கலாம். அறிவுரையை ஏற்கும் முன், அதனைக் கூறுபவர் எந்த மரத்தில், எவ்வளவு தடிமனில் வேலை செய்கிறார் என்று கேட்பது நலம். அதன்பின் ஒரு கழிவுத் துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டால் ஐயம் நீங்கும்.

இனி, கையைத் திருத்தும் கடினமான வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஸ்பில்ஸ்பரி செய்த வேலையையே இந்திய நிலப்படத்தைக் கொண்டு செய்வதாக வைத்துக்கொள்வோம். வடக்கு முனை முதல் தெற்கு முனை வரை இந்தியப் பெருநிலத்தின் நீளம் 3,214 கிலோமீட்டர். அதனை 40 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையில் அடக்கினால் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆகும். இராசத்தானையும் மத்தியப் பிரதேசத்தையும் அறுப்பது எளிது. துண்டு பெரிதாக இருப்பதால் இரு கைகளாலும் பிடித்துத் திருப்பலாம். குசராத்தின் கடற்கரை சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். கட்ச் வளைகுடாவிற்குள் நுழைந்த அலகு அதன் முனையில் கூராகத் திரும்பி வெளியேற வேண்டும். அவ்விடத்தில் பலகையை வலிந்து திருப்பினால் அலகு முறுக்கி ஒடியும். கடல் பக்கத்து வெற்றுப் பலகையில் சிறிது இடம் அறுத்து, அந்த இடைவெளியில் அலகைத் திருப்பிக்கொள்வதே வழி. கடல் எப்படியும் கழிவாகப் போகும் பகுதி. அதில் எவ்வளவு அறுத்தாலும் இழப்பில்லை.

உண்மையான சோதனை மேற்கு வங்கத்தின் வடபகுதியில் காத்திருக்கிறது. சிலிகுரி அருகே அம்மாநிலம் மிகக் குறுகி, ஓரிடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள கழுத்தாகிறது. மேற்கூறிய அளவுப்படி பலகையில் அது இரண்டரை மில்லிமீட்டர்! மரத்தின் இழையோட்டம் அக்கழுத்தைக் குறுக்கே கடந்து சென்றால், விரல் பட்டவுடனே அது பிஸ்கட் போல் ஒடிந்துவிடும். இழையோட்டம் கழுத்தின் நீளவாக்கில் அமையுமாறு நிலப்படத்தைப் பலகையில் திருப்பி ஒட்டலாம். ஆனால் அவ்வாறு ஒட்டினால் வேறு மாநிலத்தின் வேறொரு முனை வலுவிழக்கக்கூடும். அடுக்குகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் செல்லும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துவது பாதுகாப்பான வழி. அப்போதும் அக்கழுத்தைச் சுற்றியுள்ள பலகையைத் தொடக்கத்திலேயே அறுத்து நீக்கிவிடாமல், தாங்கலாகக் கடைசிவரை விட்டுவைப்பது நல்லது.

சிக்கிம் வேறு வகையான இடர். அது பலகையில் ஒன்றரைச் சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத துண்டு. அதனைத் தனியே பிடித்து அறுக்க முயன்றால் விரல் அலகிற்கு மிக அருகில் சென்றுவிடும். ஆகவே அது பெரிய பலகையோடு சேர்ந்திருக்கும்போதே அதன் பன்னாட்டு எல்லையை அறுத்துவிட்டு, மேற்கு வங்கத்தோடு அது சேரும் தென் எல்லையை இறுதியாக அறுக்க வேண்டும். கை பிடித்திருப்பது பெரிய துண்டை. சிறிய துண்டு தானாகப் பிரிந்து விழும். எந்தக் கோட்டை எப்போது அறுப்பது என்னும் இவ்வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பின்னரே பொறியை இயக்குவது அனுபவமுள்ளோர் வழக்கம். இவ்வேலையில் பாதி, ரம்பம் ஓடாதபோதே நடந்துவிடுகிறது என்று கூறினால் மிகையாகாது.

இத்தகைய வேலையில் இறங்குவோர் கண்ணாடியும் மூக்குக் கவசமும் அணிதல் வேண்டும். பற்கள் சிறியவை என்பதால் இந்த ரம்பத்தை விளையாட்டுப் பொருளாகக் கருதுவோர் உளர். ஒடிந்து தெறிக்கும் அலகு கண்ணைத் தேடி வருவதில்லை என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும். ரோஸ்வுட் போன்ற சில மரங்களின் தூள் தோலிலும் அரிப்பை உண்டாக்கும்.

புதிர்த் துண்டுகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி இருப்பதில் தவறில்லை. அலகு சென்ற தடத்தில் மரம் தூளாகிவிடுவதால் அவ்விடைவெளி தவிர்க்க இயலாதது. ஆனால் ஒரு மரத்திற்குள் வேறு நிற மரத்தைப் பதிக்கும் வேலையில் அந்த இடைவெளியும் இருத்தல் கூடாது. வளைவு ரம்பக் கலையின் மிகக் கடினமான பகுதி இதுவே. பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் காலத்தில் புகழ்பெற்றிருந்த ஆந்திரே ஷார்ல் பூல் என்னும் மரப்பொருள் வல்லுநர் ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே முறையில் அறுத்தார். இரண்டும் ஒரே வெட்டில் பிறந்தவை என்பதால் ஒன்றின் துண்டு மற்றொன்றின் துளைக்குப் பொருந்தியது. ஆமையோட்டில் பித்தளைக் கொடி படர்ந்த ஒன்றும், பித்தளையில் ஆமையோட்டுக் கொடி படர்ந்த மற்றொன்றுமாக இரண்டு வேலைப்பாடுகள் ஒருங்கே கிடைத்தன.

மரப்பலகைகளில் இம்முறையைக் கையாளும்போது ஒரு நுட்பத்தைச் சேர்த்துக்கொள்கின்றனர். இரு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேசையைச் சிறிது சாய்த்து அறுக்கின்றனர். அப்போது வெட்டிய துண்டு நேரான உருளையாக இல்லாமல் கீழே குறுகிய ஆப்பு போல் அமைகிறது. மேற்பலகையின் துண்டு கீழ்ப்பலகையின் துளைக்குள் இறங்கும்போது, அலகு தின்றுவிட்ட இடத்தை அந்தச் சரிவு நிரப்பி இறுகிவிடுகிறது. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே அறியலாம். வெட்டுத்தடத்தின் அகலத்தைப் பலகையின் தடிமனால் வகுத்தால் சாய்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். தடம் 0.4 மில்லிமீட்டரும் பலகை 6 மில்லிமீட்டரும் ஆனால் கோணம் ஏறத்தாழ 3.8 பாகை. கணக்கு இவ்வளவு துல்லியமாகக் கூறினாலும், கழிவுப் பலகையில் ஒரு சிறு வட்டம் அறுத்துப் பொருத்திப் பார்த்த பின்னரே உண்மையான பலகையைத் தொட வேண்டும். அறுக்கும்போது வடிவத்தை ஒரே திசையில் சுற்றி வருவதும் இன்றியமையாதது. பாதியில் திசை மாறினால் சரிவும் தலைகீழாகி, அப்பக்கத்தில் துண்டு தளர்ந்துபோகும்.

இந்தியாவில் மரப்பதிப்புக் கலைக்குப் பெயர்பெற்ற ஊர் மைசூரு. அங்குள்ள கைவினைஞர்கள் சாய்வு முறையைக் காட்டிலும் பொறுமை மிகுந்த வேறொரு முறையைக் கையாளுகின்றனர். அடிப்பலகையாக அமைவது ஈட்டி எனப்படும் ரோஸ்வுட் மரம். அதன் கருஞ்சிவப்பு நிறம் மற்ற நிறங்களை எடுத்துக்காட்டும். ஓவியத்தைத் தாளில் வரைந்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற நிறமுடைய மரத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். பலாமரத்தின் மஞ்சளும் கருங்காலியின் கருமையும் பிற மரங்களின் செம்மையும் வெண்மையும் இயற்கையாகவே அமைந்த வண்ணங்கள். அத்துண்டுகளை வளைவு ரம்பத்தால் அறுத்தெடுத்து, அடிப்பலகையின்மேல் வைத்து, விளிம்பையொட்டிக் கூரிய முனையால் கோடு கீறுகின்றனர். பின்னர் அக்கோட்டிற்குள் மட்டும் உளியால் பள்ளம் தோண்டி, துண்டைப் பசையிட்டுப் பதிக்கின்றனர். மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிய பின் கண், மடிப்பு, நகை முதலிய நுண்கோடுகளைக் கீறி, இறுதியில் மெருகேற்றுகின்றனர்.

இவ்வேலையில் பிழைக்கு இடமில்லாமைக்கு ஒரு காரணம் உண்டு. ஈட்டி மரம் மெதுவாக வளர்வது. மிகுதியாக வெட்டப்பட்டமையால் அரிதாகிவிட்டது. அதன் பன்னாட்டு வணிகம் 2017ஆம் ஆண்டு முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்குள் வந்துள்ளது. ஒரு பள்ளம் கோட்டைத் தாண்டிவிட்டால் வீணாவது அன்றைய உழைப்பு மட்டுமன்று. பல பத்தாண்டுகள் வளர்ந்த மரமும்தான். புதிதாகச் சேர்ந்தவர் கையில் ஈட்டிப் பலகையைக் கொடுப்பதற்கு முன் விலை குறைந்த மரத்தில் நெடுநாள் பழகச் செய்வது இதனாலேயே அறிவுடைமை ஆகும். கொடி, இலை, பறவை என்று தொடங்கி யானை ஊர்வலம் வரை செல்லும் படிகளில், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே கடினமானது. கொடியில் விலகல் மறையும். மனித முகத்தில் மறையாது.

முற்காலத்தில் யானையின் கொம்பையும் மாந்தரின் அணிகளையும் காட்ட உண்மையான தந்தத்தையே பதித்தனர். மைசூரு அரண்மனையில் தந்தம் பதித்த ரோஸ்வுட் கதவை இன்றும் காணலாம். தந்த வணிகத்திற்குத் தடை வந்தபின் கைவினைஞர்கள் வெண்ணிறத்திற்கு வேறு பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று. பலரும் வெண்ணிற நெகிழியை மேற்கொண்டனர். நெகிழி மரத்தைப் போல அறுபடுவதில்லை. அலகு சூடேறினால் உருகி, வெட்டிய தடமே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். எந்த எண் அலகு, எவ்வளவு மெதுவான இழுப்பு, எந்தப் பசை என்பவற்றையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தந்தத்தை அறுத்துத் தேர்ந்த முதியவரும் நேற்றுச் சேர்ந்த இளைஞரும் அப்பொருளின் முன் ஒரே வகுப்பு மாணவர்கள் ஆயினர்.